நாலு மணி மைக்

ஊரில் எனக்குப் பெயர் கிடையாது. கச்சிராயபாளையம் பக்கம் கோமுகி வாய்க்கால் பாய்கிற நிலத்தில் கரும்பு வைத்திருக்கிறேன். நாலு பேருக்குத் தெரிந்த குடும்பம்தான். ஆனாலும் டீக்கடையோ உரக்கடையோ, எங்கே போனாலும் நான் ‘டாக்டரம்மா வூட்டுக்காரரு’. கல்யாணமான புதிதில் இது எனக்குச் சுருக்கென்று தைக்கும். இப்போது பழகிப்போய், யாராவது என் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் போலீஸ்காரரோ என்று பயமாக இருக்கிறது.

என் மனைவி அரசு ஆஸ்பத்திரியில் பிரசவ டாக்டர். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்ல வேண்டாம். கள்ளக்குறிச்சிக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவில், மலையிலிருந்து இறங்குகிறவர்களுக்குக் கிட்டத்தில் இருக்கிற சின்ன ஆஸ்பத்திரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கொரோனா இரண்டாவது தடவை வந்து வீடு வீடாக ஆளைச் சாய்த்துக்கொண்டிருந்த அந்தக் கோடையில், அங்கே சீஃபாக இருந்த பெரிய டாக்டரே படுத்துவிட்டார். அடுத்த சீனியர் யார் என்று பார்த்தால் இவள். நீதான் பொறுப்பு என்று உத்தரவு வந்துவிட்டது. பிள்ளைப்பேறு பார்க்கிறவள் தலையில் நுரையீரல் நோயாளிகள் மொத்தத்தையும் கட்டிவிட்டார்கள். இன்னா பண்ணப் போறே என்று கேட்டேன். வீட்டை நடத்தவில்லையா, அந்த மாதிரிதான் என்றாள். வீட்டை அவள் எங்கே நடத்தினாள், நான்தான் நடத்தினேன் என்பதை அந்த நேரத்தில் சொல்லவில்லை.

ஆனால் அவள் சொன்னதில் ஒன்று உண்மை. அந்தச் சுற்றுவட்டாரத்தில் பாதிப் பிள்ளைகள் அவள் கையில் பிறந்தவை. அதனால் யாரையும் அதட்டுகிற உரிமை அவளுக்கு இருந்தது. கொரோனா வார்டில் வேலை செய்கிற ஒரு நர்ஸை வீட்டைக் காலி பண்ணச் சொன்ன ஒரு வீட்டுக்காரரிடம் நேரே போய் நின்றாள். உன் மருமகளுக்கு எத்தனையாவது மாசம், அந்த நர்ஸ் கை இல்லாமல் பிரசவம் பார்த்துக்கொள்வாயா என்று கேட்டாள். அந்த ஆள் அன்றைக்கே பாயும் தலையணையும் கொடுத்து அந்தப் பெண்ணை உட்கார வைத்தார். கொரோனா வார்டுக்கு யார் போவது என்று டாக்டர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபோது, முதல் பெயராகத் தன் பெயரைச் சொன்னாள். அப்புறம் மற்றவர்களும் வரிசையாகப் பெயர் கொடுத்தார்கள்.

அவளுக்குப் பெரிய தலைவலி வார்டுக்குள் இல்லை, கேட்டில் இருந்தது. உள்ளே போன ஆளுக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல் சனங்கள் கேட்டில் முட்டிக்கொண்டு நின்றார்கள். வாட்ச்மேன் ஒன்று சொல்வார், ஆம்புலன்ஸ் டிரைவர் ஒன்று சொல்வார். உள்ளே போனவன் பொட்டலமாகத்தான் வருவான் என்று பேச்சு கிளம்பிவிட்டது. அது மலைக்கும் ஏறிவிட்டது. வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற சின்ன ஊர்களில், சுகாதாரத் துறை ஜீப் சத்தம் கேட்டாலே காய்ச்சல்காரர்கள் எழுந்து மரவள்ளிக் கொல்லைக்குள் போய்ப் படுத்துக்கொண்டார்களாம். கீழே போய்ச் செத்து முகம்கூடக் காட்ட முடியாமல் போவதைவிட இங்கேயே கிடக்கலாம் என்பது அவர்கள் நியாயம். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அப்போதுதான் அவள் அந்த முடிவுக்கு வந்தாள். தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் இருக்கிற புங்கமரத்தடிக்கு அவளே வருவாள். ஒவ்வொரு பெட்டாக, ஆள் எப்படி இருக்கிறார் என்று சொல்வாள். பெயர் சொல்லமாட்டாள். பெயர் சொன்னால் தெருவே அந்த வீட்டைத் தள்ளி வைத்துவிடும். பெட் நம்பர் மட்டும்தான். மரத்தடியில் ஒரு பெட்டுக்கு ஒரு ஆள், தள்ளித் தள்ளி நிற்க வேண்டும். நாள் பூராவும் அந்தப் பாதுகாப்பு உடைக்குள் வெந்து, அவளுக்குச் சாயங்காலம் தொண்டையே இருக்காது. அதனால் மைக்செட்காரர் ஒருவரைக் கூப்பிட்டாள். சித்திரைத் திருவிழா, கூத்து, கல்யாணம் எல்லாம் நின்றுபோய் அவர் சும்மாதான் இருந்தார். சந்தோஷமாக வந்து கட்டிக் கொடுத்தார்.

கட்டினதில்தான் வந்தது வினை. அந்த மனிதருக்குத் திருவிழாவுக்குக் கட்டித்தான் பழக்கம். மரத்தடியில் இருக்கிறவர்களுக்கு மட்டும் கேட்டால் போதும் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. நாலு குழாய் ஸ்பீக்கரையும் நாலு திசைக்குத் திருப்பி, உயரக் கிளையில் கட்டிவிட்டார். முதல் நாள் அவள் பேசி முடிப்பதற்குள் உள்ளிருந்து ஒரு நர்ஸ் ஓடி வந்தாள். வார்டில் படுத்திருப்பவர்கள் எல்லாருக்கும் அவரவர் நிலைமை பளிச்சென்று கேட்கிறதாம். கஷ்டம் என்று சொல்லப்பட்ட ஒருவர் எழுந்து உட்கார்ந்துவிட்டாராம். அன்றைக்குப் போனில் இவள் என்னிடம் அழாத குறைதான். மறுநாள் மைக் வேண்டாம் என்று நிறுத்திவிட்டாள். நாலு மணி தாண்டியதும் வார்டுக்குள்ளிருந்து சண்டை. நேற்று உட்கார்ந்தாரே, அதே ஆள்தான் கேட்டாராம், என் சேதி ஊருக்கெல்லாம் தெரியலாம், எனக்குத் தெரியக் கூடாதா என்று. மூன்றாம் நாள் மைக் மறுபடி வந்தது. குழாய்கள் கட்டினபடியே இருந்தன.

பூசி மெழுகிப் பேசமாட்டாள். தேவல, அப்படியே இருக்கு, கஷ்டம் என்று மூன்று விதம்தான். ஒன்றே ஒன்றை மட்டும் அவள் மைக்கில் சொன்னதில்லை. பெட்டில் இருந்தவர் இறந்துவிட்டால், அந்த நம்பர் வரும்போது மைக்கை டக்கென்று அணைத்து ஸ்டூல் மேல் வைத்துவிடுவாள். நடந்துபோய் அந்த வீட்டாளின் எதிரில் நின்று, அவர்களுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்வாள். அழுது முடிக்கிறவரை நிற்பாள். முகம் பார்க்க வேண்டும் என்றால் ஒருவரைக் கூட்டிப் போய்ப் பார்க்க வைப்பாள். பிறகு வந்து மைக்கைப் போட்டு அடுத்த நம்பர் சொல்வாள். ஆகவே உள்ளே படுத்திருப்பவர்களுக்கும் ஒரு கணக்கு தெரிந்துபோயிற்று. மைக் அணைந்தால் ஆள் இல்லை.

இதெல்லாம் அவள் சொல்லித் தெரிந்தது. ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸில் தங்கிக்கொண்டு, எப்போதாவது வீட்டுப் பக்கம் வருவாள். வந்தாலும் மாட்டுக்கொட்டகைக்கு அந்தப்புறம் நின்றுதான் பேச்சு. தட்டைத் தரையில் வைத்துவிட்டு நான் பின்னால் நகர வேண்டும். நாய்க்குச் சோறு வைக்கிற மாதிரி இருக்கிறதே என்பேன். நாய் இவ்வளவு பேசாது என்பாள். இத்தனை ஜாக்கிரதையாக இருந்தும், எங்கே ஒட்டியதோ, எனக்கு வந்துவிட்டது. மூன்று நாள் காய்ச்சல், நாலாம் நாள் கொல்லைக்குப் போய்த் திரும்புவதற்குள் மூச்சு வாங்கியது. மகளைச் சென்னையில் என் கொழுந்தியாள் வீட்டுக்கு முன்பே அனுப்பியிருந்தோம். அண்ணன் குடும்பமும் காய்ச்சலில் கிடந்தது. தனியாகத்தான் ஆம்புலன்ஸ் ஏறினேன்.

சீஃப் வீட்டுக்காரர் ஆயிற்றே, தனி ரூம் கிடைக்கும் என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு இருந்தது. ஒரு நர்ஸும் அப்படித்தான் தள்ளிக்கொண்டு போகப் பார்த்தாள். இவள் தூரத்திலிருந்தே தலையை ஆட்டினாள். பொது வார்டு, பதினொன்றாம் பெட். ஊரில்தான் பெயர் இல்லை என்றால், உள்ளேயும் நான் பதினொன்னு ஆகிவிட்டேன்.

பக்கத்தில் பன்னிரண்டு. மலைக்காரர், என்னைவிடச் சின்ன வயது. நான் வருவதற்கு முந்தின நாள் இரவே வந்து சேர்ந்திருந்தார். சாமையும் மரவள்ளியும் போடுகிறவர். தக்காளி ஏற்றுகிற டெம்போவில் பொண்டாட்டியோடு இறங்கி வந்திருந்தார். பயமில்லையா, எப்படி வந்தீர்கள் என்று கேட்டேன். டெம்போக்காரர் ஒருவர் ஊருக்குள் வந்து, அந்த ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வெளியே வந்து ஆள் இருக்கானா இல்லையா என்று ஒளிக்காமல் சொல்லுது என்றாராம். அதை நம்பித்தான் இறங்கினாராம். அந்த டாக்டரம்மா யார் என்று கேட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை, சொல்லிவிட்டேன். அவர் உடனே ஜன்னல் பக்கம் எக்கி, மரத்தடியில் நின்ற பொண்டாட்டியிடம், பக்கத்துப் பெட்டில் யார் தெரியுமா என்று கத்தினார். கத்தியதில் இருமல் வந்து, இரண்டு பேருக்கும் நர்ஸிடம் திட்டு.

என் மனைவி காலையிலும் மதியமும் ரவுண்ட்ஸ் வருவாள். பாதுகாப்பு உடைக்குள் எல்லாருமே வெள்ளைப் பொட்டலமாக இருந்தாலும், இடது காலைக் கொஞ்சம் இழுத்து வைக்கிற அந்த நடையை எனக்குத் தெரியாதா. ஒன்றாம் பெட்டிலிருந்து வரிசையாக வருவாள். எல்லாரையும் கேட்கிற மாதிரி, அய்யா, மூச்சு எப்படி இருக்குது, சாப்பிட்டீங்களா என்று என்னையும் கேட்டாள். அய்யாவாம். இருபது வருஷம் குடித்தனம் நடத்தினதற்கு இந்த மரியாதையாவது கிடைத்ததே என்று நினைத்துக்கொண்டேன். ஆக்ஸிஜன் அளவு காட்ட விரலில் மாட்டியிருந்த கிளிப்பைப் பார்த்துவிட்டுப் பன்னிரண்டுக்குப் போய்விட்டாள். என் பெட்டில் ஒரு விநாடி கூடுதலாக நின்றிருக்கலாம். நிற்கவில்லை. எனக்கு அது வருத்தமாகத்தான் இருந்தது.

சாயங்காலம் மைக்கில் என் முறை வரும். மரத்தடியில் எனக்கு ஆள் இல்லை, அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் பதினொன்னை விடமாட்டாள். “பதினொன்னு, அப்படியே இருக்குது,” என்று வேகமாகச் சொல்லிவிட்டுப் பன்னிரண்டுக்கு நகர்வாள். எங்கள் எதிர்ப் பெட்டில் ஒரு டவுன் பஸ் கண்டக்டர் இருந்தார், கொஞ்சம் தேறி வந்தவர். ‘ஸ்டாப்பிங்கில் வண்டி நிக்காமப் போவுது சார்’ என்று என்னைச் சீண்டுவார்.

அப்புறம் ஒரு நாள் எனக்கும் பன்னிரண்டுக்கும் ஆக்ஸிஜன் சேர்ந்தே இறங்கியது. காலையிலிருந்து மாஸ்க்கில் எவ்வளவு காற்று வந்தாலும் பற்றவில்லை. கிணற்றுக்குள் குனிந்து பேசுகிற மாதிரி எல்லாருடைய குரலும் எங்கேயோ கேட்டது. அவரும் நானும் பேசுவதை நிறுத்திவிட்டோம். அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் இருந்தது சிலிண்டரும் மாஸ்க்கும்தான். அதற்கு மேல் வேண்டுமென்றால் மெஷின் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். அங்கே இடம் கேட்டுக் கேட்டு இவர்கள் போன் போட்டுக்கொண்டே இருந்தார்கள். மதியத்துக்கு மேல் பதில் வந்தது. ஒரு பெட் காலி. ஒன்றே ஒன்று.

ஸ்ட்ரெச்சர் உள்ளே வந்தது. அதைத் தள்ளி வந்த இரண்டு சின்ன டாக்டர்களும் நேரே என் பக்கம் வந்தார்கள். எனக்கு உயிர் வந்தது. வெட்கம் என்ன, சொல்லிவிடுகிறேன், பன்னிரண்டைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. தலையைத் தூக்கித் தயாராகிவிட்டேன். அப்போது வார்டு வாசலில் அந்த இழுத்து வைக்கிற நடை.

“அது எந்த பெட்டுக்குப் போவுது?”

“சார்தான் மேடம்,” என்றார் சின்ன டாக்டர். “ரொம்ப கம்மியா இருக்குது.”

“பன்னெண்டுக்கு?”

“அவருக்கும் அதே அளவுதான்.”

“யாரு முன்னாடி வந்தது?”

பன்னிரண்டுதான் முன்னாடி வந்தவர். இந்த மாதிரி நேரத்தில் இரண்டு பேரும் ஒரே அளவில் இருந்தால், முதலில் வந்தவர் முதலில் போக வேண்டும் என்பது அவள் பொறுப்புக்கு வந்த நாளிலிருந்து வைத்திருந்த ஏற்பாடு. அதை வைத்துத்தான் ஒரு பெரிய அரசியல்வாதியின் மச்சானையே காத்திருக்க வைத்தாள். அது எல்லாருக்கும் தெரியும். அவள் மேல் வைத்த பிரியத்தில்தான் அந்தப் பிள்ளைகள் அதை மறந்த மாதிரி நடந்துகொண்டார்கள்.

“பதினொன்னு எனக்கு யாருமில்லன்னு வெச்சிக்குங்க,” என்றாள். “இப்ப யார ஏத்துவீங்க?”

அந்தப் பிள்ளை தரையைப் பார்த்தபடி ஸ்ட்ரெச்சரைத் திருப்பினான். பன்னிரண்டைத் தூக்கி வைத்தார்கள். அவர் என்னைப் பார்க்கவில்லை. துண்டை இறுகப் பிடித்துக்கொண்டு கூரையையே பார்த்தார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

எனக்கு வந்த கோபத்தை எழுதிக் காட்ட முடியாது. படுபாவி, ஊருக்கெல்லாம் நியாயம் சொல்ல உனக்குக் கட்டினவன்தான் கிடைத்தானா என்று உள்ளுக்குள் வைதேன். மகள் முகம் வந்தது. கோபம் போய்ப் பயம் வந்தது, பயம் போய் மறுபடி கோபம் வந்தது. அவள் என் பக்கம் வந்து மாஸ்க் பட்டையைச் சரி செய்தாள். காற்றைக் கூட்டச் சொன்னாள். என்னைக் குப்புறப் படுக்கச் சொன்னாள். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

“கோவமா இருந்தா குப்புற படுத்துக்கினே கோவப்படுங்க,” என்றாள்.

குப்புறப் படுத்தேன். அவள் கை என் முதுகில் இருந்தது. இரண்டு கையுறைகளுக்கு அந்தப் பக்கமிருந்து என் மூச்சை எண்ணினாள். பிறகு பதிமூன்றுக்குப் போய்விட்டாள்.

இங்கேயே சொல்லிவிடுகிறேன், நீங்கள் மனசைப் போட்டு அலட்டிக்கொள்ள வேண்டாம். பன்னிரண்டு பிழைத்துவிட்டார். இன்றைக்கும் மலையில் மரவள்ளி போட்டுக்கொண்டிருக்கிறார். நானும் பிழைத்துத்தான் இதை எழுதுகிறேன். அவள் செய்தது சரியா தப்பா என்று என்னிடம் பஞ்சாயத்துக்கு வந்தவர்கள் உண்டு, என் அண்ணன் உட்பட. இவளா இப்படிச் செய்தாள் என்று அவர் இன்னும் ஆறவில்லை. நான் சொல்ல வந்தது அந்தப் பஞ்சாயத்து இல்லை. அன்றைக்கு நாலு மணிக்கு நடந்தது.

வழக்கம்போல் மைக் கரகரத்தது. ஒன்னு, தேவல. ரெண்டு, அப்படியே. எனக்குப் பாதி காதில் விழுந்தது, பாதி விழவில்லை. எட்டாம் பெட் நாளைக்கு வீட்டுக்குப் போகலாம் என்றாள். வெளியே யாரோ கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்கள், கும்பிட வேணாம், கஞ்சி கொண்டாங்க என்றாள். ஒன்பது. பத்து. அடுத்து நான்.

டக்.

மைக் அணைந்துவிட்டது.

வார்டு மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் என் விரலைப் பார்த்தேன். கிளிப்பில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனாலும் நம்ப முடியவில்லை, அந்த மைக் பொய் சொன்னதே இல்லையே. எதிர்ப் பெட் கண்டக்டர் எழுந்து உட்கார்ந்து, கையை ஆட்டுங்க சார் என்றார். ஆட்டினேன். அவர் அப்பாடா என்று சுவரில் சாய்ந்தார். ஆனால் வெளியே ஒரு சத்தமும் இல்லை. அழுகைச் சத்தம் வர வேண்டும், அதுவும் வரவில்லை.

வெளியே என்ன நடந்தது என்பதை அங்கே நின்ற நர்ஸ் பிற்பாடு சொன்னாள். என் நம்பரைச் சொல்ல வராமல் மைக்கை ஸ்டூலில் வைத்துவிட்டு, எப்போதும் போல என் மனைவி கூட்டத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாளாம். பதினொன்னுக்கு யாரு, யாரு என்று சனங்கள் ஒருவரையொருவர் பார்த்து வழி விட்டார்களாம். இரண்டு எட்டு வைத்தவள் நின்றுவிட்டாள். போய்ச் சொல்ல அங்கே ஆள் இல்லை. திரும்பவும் முடியவில்லை, மேலே போகவும் முடியவில்லை, வெயிலில் அப்படியே நின்றாளாம். எத்தனை வீட்டாளுக்கு எதிரில் போய் நின்றவள். அவள் எதிரில் வந்து நிற்க யாருக்கும் தோன்றவில்லை.

பன்னிரண்டின் பொண்டாட்டிக்குத்தான் முதலில் விளங்கியது. ஆம்புலன்ஸில் இடமில்லை என்று அந்தப் பெண்ணை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். மறுநாள் போகிற வண்டிக்காக மரத்தடியிலேயே இருந்தது. தள்ளி நிற்க வேண்டும் என்கிற எல்லாவற்றையும் தாண்டி வந்து, என் மனைவிக்கு எதிரில் நின்றது.

“இருக்காருங்களா?” என்று கேட்டது.

“இருக்காரு,” என்றாள் இவள்.

“அப்ப அத மைக்குல சொல்லுங்கம்மா. உள்ள அவரு கேட்டுக்கினு இருப்பாரு.”

மறுபடி மைக் கரகரத்ததும் எங்களுக்குக் கேட்டது. அப்புறம் அவள் குரல்.

“பதினொன்னு. கஷ்டமாதான் இருக்குது. பெரிய ஆஸ்பத்திரியில ஒரு எடம்தான் இருந்துச்சி, அவர அனுப்பல. இங்கயே வெச்சிப் பாக்கறோம்.” நிறுத்தினாள். “பதினொன்னுக்கு ஆளு நான்தான். நான் இங்கதான் இருக்கேன், எங்கியும் போவல. என்னங்க, கேக்குதா?”

நாலு குழாயிலும் நாலு திசைக்கும் அது போயிற்று. ஆஸ்பத்திரிக்கும் கேட்டது, மெயின் ரோட்டுக்கும் கேட்டது. ஊர் கேட்க என்னை அவள் அப்படிக் கூப்பிட்டது அதுவரைக்கும் இல்லை. நான் கேக்குது என்று சொல்லப் பார்த்தேன். மாஸ்க்குக்குள் அழுகைதான் வந்தது, குரல் வரவில்லை. கண்டக்டர் என்னைப் பார்த்தார். கட்டிலை விட்டு இறங்கி, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “கேக்குதும்மா,” என்று கத்தினார். அவருக்குப் பின்னால், வார்டில் மூச்சு மிச்சமிருந்த எல்லாரும் கேக்குது, கேக்குது என்றார்கள்.

“சரி,” என்றாள் அவள். “பன்னெண்டு.”